கடன் இல்லையா? காரணத்தை எழுதிக் கொடுங்க!

(கல்விக் கடன் முகாம் ஒன்றில் பெற்றோரிடமும் மாணவர்களிடமும் பேசியதன் எழுத்து வடிவம்)



உங்க போனை ஒரு நிமிஷம் எடுத்துப் பாருங்க. போன ஒரு வாரத்துல, "உங்களுக்கு 5 லட்சம் ரூபாய் கடன் தயார், உடனே கிளிக் செய்யுங்கள்" என்று எத்தனை எஸ்எம்எஸ் வந்திருக்கிறது? நாம் கேட்காமலேயே வருகிறது. ஆனால் பொண்ணு படிப்புக்கு ஒன்றரை லட்சம் வேணும்னு கிளைக்கு நேரில் போய் நின்றால், "சிபில் சரியில்லைங்க" என்று இரண்டு வார்த்தையில் அனுப்பி விடுகிறார்கள். என்ன சரியில்லை, யார் சொன்னது, எப்படிச் சரி செய்வது? பதில் இருக்காது. இந்த இரண்டு வார்த்தை எங்கள் வீட்டுக்கு எவ்வளவு செலவு வைத்தது என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

என் அப்பா தையல்காரர். செய்யாறு பக்கம் சின்னதாக ஒரு கடை. 2018-ல் எனக்கு இதழியல் படிப்பில் இடம் கிடைத்தது. முதல் வருஷக் கட்டணம், விடுதி எல்லாம் சேர்த்து 80,000 ரூபாய். அப்பா ஒரு பெரிய வங்கியின் கிளைக்குப் போனார். பெயர் வேண்டாம், நீங்களும் கணக்கு வைத்திருக்கக்கூடிய வங்கிதான். மூன்று தடவை போனார். முதல் தடவை மேனேஜர் லீவு. இரண்டாவது தடவை விண்ணப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள், ரசீது தரவில்லை. மூன்றாவது தடவை, "ஐயா, உங்களுக்கு சிபில் சரியில்ல, கடன் வராது" என்றார்கள். அப்பா "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். நாம ஏழைங்கறதால கொடுக்கல என்பதுதான் அவருக்குப் புரிந்தது.

பிறகு மூணு வட்டிக்கு வாங்கினோம். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய். 80,000-க்கு மாதம் 2,400. முப்பத்தாறு மாதம் வட்டி மட்டும் கட்டினோம். கணக்குப் போட்டால் 86,400 ரூபாய். அசல் அப்படியே நின்றது. அடுத்த இரண்டு வருஷக் கட்டணத்தை அம்மாவின் சீட்டுப் பணமும் உதவித்தொகையும் பார்த்துக்கொண்டன.

2023-ல், வேலைக்குச் சேர்ந்த பிறகு, அப்பாவின் கடன் அறிக்கையை என் போனிலேயே இலவசமாக எடுத்துப் பார்த்தேன். அப்பா தன் பெயரில் கடனே வாங்கியதில்லை. ஆனால் பக்கத்துக் கடைக்காரர் லோடு ஆட்டோ வாங்கியபோது ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்தக் கடன் அறிக்கையில் "நிலுவை 2,140 ரூபாய்" என்று நின்றது. அவரிடம் போய்க் கேட்டேன். "அது 2016-லேயே கட்டி முடிச்சாச்சேம்மா" என்று சொல்லி, பீரோவிலிருந்து கடன் தீர்ந்த சான்றை எடுத்துக் கையில் கொடுத்தார். கடன் முடிந்ததை அந்த வங்கி பதிவில் மாற்றவே இல்லை. எங்களுக்கு 86,400 ரூபாய் மிச்சப்படுத்தியிருக்கக்கூடிய காகிதம் அத்தனை வருஷமும் பக்கத்துக் கடையில்தான் இருந்திருக்கிறது.

காரணத்தை ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். எழுதிக் கொடுக்க வேண்டியது அவர்கள் கடமையும்கூட. வங்கிகள் கடன் வழங்குவதில் பின்பற்ற வேண்டிய நியாயமான நடைமுறை விதிகளை ரிசர்வ் வங்கி 2003-ல் கொண்டு வந்தது. அதன்படி கடன் விண்ணப்பம் கொடுத்தால் பெற்றுக்கொண்டதற்கு ரசீது தர வேண்டும். 2 லட்சம் ரூபாய் வரையிலான கடன் என்றால், எத்தனை நாளில் முடிவு சொல்வோம் என்பதும் அதே ரசீதில் இருக்க வேண்டும். நிராகரித்தால் முக்கியக் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். முதலில் சிறிய கடன்களுக்கு மட்டும் இருந்த இந்தக் கடைசி விதியை 2007-ல் எல்லாக் கடன்களுக்கும், கிரெடிட் கார்டு விண்ணப்பத்துக்கும் சேர்த்து விரித்துவிட்டார்கள். அதாவது 2018-ல் அப்பா போய் நின்றபோது இந்த உரிமை வந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது. எங்களுக்குத்தான் தெரியவில்லை.

வங்கிப் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அவர்கள் கொடுப்பது நம்மைப் போன்றவர்கள் போட்டு வைத்த பணம். திரும்பி வருமா என்று பார்க்கத்தான் செய்வார்கள். பெரிய வங்கிகளில் பல கடன்களுக்கு முடிவெடுப்பது நீங்கள் பார்க்கும் கிளை மேனேஜரே இல்லை. காகிதம் வேறு ஊரில் உள்ள மையத்துக்குப் போகிறது, அங்கிருந்து 'இல்லை' என்று வருகிறது. மேனேஜருக்கே முழு விவரம் தெரியாமல் இருக்கலாம். அவரிடம் கோபப்பட்டுப் பயனில்லை. காகிதம் கொடுத்துக் காகிதம் வாங்குங்க.

என்ன எழுதுவது என்று தயங்க வேண்டாம். தமிழிலேயே நாலு வரி போதும்: "இந்தத் தேதியில் கல்விக் கடனுக்கு விண்ணப்பித்தேன். கடன் இல்லை என்று வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. ரிசர்வ் வங்கியின் நியாயமான நடைமுறை விதிகளின்படி நிராகரிப்புக்கான முக்கியக் காரணத்தை எழுத்தில் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்." இரண்டு பிரதி எடுங்க. ஒன்றைக் கொடுத்துவிட்டு, இன்னொன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்க. முத்திரை போட மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்க. மின்னஞ்சலும் செல்லும்.

காரணம் கையில் வந்த பிறகு வேலை சுலபம். சில காரணங்கள் செல்லவே செல்லாது. "உங்க வீடு எங்க ஏரியாவுல இல்ல" என்று சொல்லிக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று 2012-லேயே ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருக்கிறது. முதல்முறையாகக் கடன் கேட்பவரை, பழைய கடன் வரலாறு இல்லை என்ற ஒன்றை மட்டும் வைத்து நிராகரிக்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறது. அறிக்கையில் மதிப்பெண்ணுக்குப் பதிலாக -1 என்று இருந்தால் பயந்துவிடாதீங்க. வரலாறு இல்லை என்று பொருள், கெட்ட பெயர் என்று அல்ல.

சிபில் என்பது ஒரு நிறுவனத்தின் பெயர், அரசு அலுவலகம் கிடையாது. 2005-ம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தின்கீழ் நம் நாட்டில் நான்கு நிறுவனங்கள் இயங்குகின்றன: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க். ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும். 2017 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. அவர்களுடைய இணையதளத்துக்கே நேராகப் போங்க. வழியில் பணம் கட்டும் திட்டங்களைக் காட்டுவார்கள். இலவச அறிக்கைக்கான இணைப்பைத் தேடி எடுங்க. நம் அறிக்கையை நாமே பார்த்தால் மதிப்பெண் குறையாது. கடன் கேட்டு நாலைந்து வங்கியில் ஒரே நேரத்தில் விண்ணப்பித்தால் குறையலாம்.

300 முதல் 900 வரை உள்ள அந்த மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீங்க. கீழே இறங்கி ஒவ்வொரு கணக்காகப் பாருங்க. நீங்கள் வாங்காத கடன் உங்கள் பெயரில் இருக்கிறதா? நம் ஊர்ப் பெயர்களில் இது ஒரு தனித் தலைவலி. ஆதாரில் இனிஷியல், பான் கார்டில் அப்பா பெயர் முழுசா, வங்கிக் கணக்கில் இனிஷியல் பின்னால். இப்படி இருந்தால் ஒருவர் கடன் இன்னொருவர் பெயரில் போய் ஒட்டிக்கொள்ள வழியுண்டு. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

அடுத்து, "செட்டில்டு" என்ற வார்த்தை. பாக்கியில் பாதியைக் கட்டுங்க, முடிச்சுக்கலாம் என்று வசூலுக்கு வருபவர் சொல்லியிருப்பார். நீங்களும் கட்டியிருப்பீங்க. உங்கள் கணக்கில் அது முடிந்துபோன கடன். அறிக்கையிலோ முழுதாக அடைத்த கடன் "குளோஸ்டு" என்று வரும், பேரம் பேசி முடித்தது "செட்டில்டு" என்று வரும். அடுத்த வங்கி இரண்டையும் ஒன்றாகப் பார்க்காது. மீதியைக் கட்டிவிட்டு, "குளோஸ்டு" என்று மாற்றச் சொல்லிக் கேட்கலாம்.

ஜாமீன் கையெழுத்தும் கடன்தான். 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொள்ளாதவரை, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன் போட்டவருக்கும் உண்டு. போட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்க அப்பா இன்றைக்கும் பக்கத்துக் கடைக்காரருக்காகப் போடுவார். கடன் முடிந்ததும் தீர்ந்த சான்றின் நகல் ஒன்றை நீங்களும் வாங்கி வைத்துக்கொள்ளுங்க என்பதுதான்.

அறிக்கையில் தவறு இருந்தால் அந்த நிறுவனத்தின் தளத்திலேயே புகார் செய்யலாம். கடன் கொடுத்த வங்கிக்கும் எழுதுங்க. 30 நாளுக்குள் தீர்வு வராவிட்டால், அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு தர வேண்டும். 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதி இது. அப்பாவின் பதிவைச் சரிசெய்த காலத்தில் இது இல்லை. இரண்டு கடிதமும் நாலு மாதமும் ஆனது.

"5,000 கொடுங்க, சிபிலை 800 ஆக்கித் தர்றோம்" என்று ஆள் வந்தால் பணமும் கொடுக்காதீங்க, ஓடிபியும் சொல்லாதீங்க. சரியான பதிவை யாராலும் அழிக்க முடியாது. தவறான பதிவைத் திருத்த ஒரு பைசா செலவில்லை.

வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாள் ஆகியும் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால், தாமதிக்காமல் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை. சிஎம்எஸ் டாட் ஆர்பிஐ டாட் ஓஆர்ஜி டாட் இன் என்ற தளத்தில் போனிலேயே பதியலாம். சந்தேகம் இருந்தால் 14448-ஐக் கூப்பிடுங்க, தமிழிலும் பேசுவார்கள். இதில் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கடன் கொடுப்பதா வேண்டாமா என்ற வங்கியின் வணிக முடிவில் குறைதீர்ப்பாளர் தலையிட மாட்டார். "எனக்குக் கடன் வாங்கிக் கொடுங்க" என்று எழுதினால் புகார் அங்கேயே முடிந்துவிடும். "ரசீது தரவில்லை, காரணத்தை எழுத்தில் தரவில்லை, முடிந்த கடனைப் பதிவில் மாற்றவில்லை" என்று நடந்த குறையை எழுதுங்க. முத்திரை வாங்கச் சொன்னேனே, அந்தப் பிரதி இங்கேதான் உதவும்.

போன மாதம் அப்பா ஒரு பவர் தையல் மெஷினுக்குக் கடன் கேட்டுப் போனார். இந்தத் தடவையும் கிடைக்கவில்லை. ஆனால் கையில் ஒரு காகிதத்தோடு வந்தார். "காரணம்: வருமானத்துக்குப் போதிய ஆவணம் இல்லை" என்று அதில் இருந்தது. சாப்பிட்டு முடித்ததும், "உன் போன்ல அந்த உத்யம் பதிவு பண்ணலாம்னு சொன்னியே, அது காசு கேக்குமா?" என்றார். கேட்காது, இலவசம்தான். அன்றைக்கு ராத்திரியே பதிந்தோம். ஆறு மாத வரவு செலவை இப்போது ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார். அடுத்த திங்கள்கிழமை மறுபடியும் அதே கிளைக்குப் போகிறார்.