சொற்குழப்பம் உயிர்க்கேடு



ஒருசொல் இருபொருள் படின் பாட்டில் அஃது இரட்டுறல் எனப் பாராட்டப்பெறும். மின்பணியிலோ அஃது உயிரைக் குடிக்கும். மின்கருவிகளை நிலத்தோடும் ஒன்றோடொன்றும் இணைப்பது பற்றிய ஒழுங்குநெறிகளில் ஆங்கிலம் படும் பாடே இதற்குச் சான்று.

அமெரிக்க நாட்டு மின்நெறித் தொகுப்பு 1897-இல் முதற்கண் வெளிவந்தது. இன்றளவும் திருத்தப்பட்டு வருகின்றது. அதில் 'கிரவுண்டட் கண்டக்டர்' என்றொரு கம்பி. 'எக்குவிப்மென்ட் கிரவுண்டிங் கண்டக்டர்' என்று மற்றொரு கம்பி. முன்னது பெரும்பாலும் 'நியூட்ரல்' என வழங்குவது. நாளும் மின்னோட்டத்தைச் சுமப்பது. பின்னது கருவியின் மாழைக்கூட்டைக் காப்பது. பழுது நேர்ந்தாலன்றி மின்னோட்டம் சுமவாதது. தொழிலால் இத்துணை வேறுபட்ட இரண்டையும் பிரிப்பது சொல்லின் ஈறு ஒன்றே! ஒரு வீட்டில் இவ்விரண்டும் மின்வரவு வாயிலில் மட்டுமே இணைதல் வேண்டும். அப்பால் பிறிதோரிடத்து இணைப்பின், நாள்மின்னோட்டம் கருவிகளின் கூடுகளிலும் பாயத் தொடங்கும். ஈற்றெழுத்தை மயங்கியவன் செய்யும் பிழை எத்தகைய கேட்டை விளைக்கும் என எண்ணிப் பார்மின்!

இன்னுமொரு கேடுண்டு. பெயரில் நிலம் இருத்தலான், மின்பழுதை நிலம் விழுங்கிக்கொள்ளும் எனப் பலர் நம்புகின்றனர். கணக்கிட்டுக் காண்க. மின்னழுத்தம் 230 வோல்ட்டு. நிலத்தில் நட்ட கோலின் தடை 10 ஓம். எனின், மண்வழிப் பாய்வது மிகுதியாக 23 ஆம்பியரே. 30 ஆம்பியர் உருகி இதற்கு உருகாது. கூட்டில் மின்னழுத்தம் நின்றுகொண்டே இருக்கும், தொட்டவன் மாள்வான். மின்னோட்டம் தான் புறப்பட்ட மூலத்திற்கே மீள்வது. தடை 1 ஓமே உள்ள கம்பிவழி மீளின் 230 ஆம்பியர் பாய்ந்து உருகி நொடிப்பொழுதில் அறும். நிலத்தைப் பழுதுமின்னோட்டம் மீளும் வழியாகக் கருதற்க என அமெரிக்க நெறித்தொகுப்பே விலக்குகின்றது. பெயர் ஒன்று சொல்ல, நெறி வேறொன்று சொல்கின்றது!

பிரித்தானியர் இதனை 'எர்த்திங்' என்பர். 1981-இல் வெளிவந்த தம் மின்நெறியின் 15-ஆம் பதிப்பில், 'எர்த்து' என்னும் சொல் அமைந்த கம்பிப்பெயரை நீக்கிக் காப்புக்கம்பி எனப் பொருள்படும் பெயரை இட்டனர். 'பாண்டிங்' என்பதோ வேறு வினை. குளியலறையில் ஒருவன் ஒருகையால் நீர்க்குழாயையும் மறுகையால் வெந்நீர்க் கருவியையும் பற்றுகின்றான் என்க. இரண்டையும் முன்னரே ஒரு கம்பியாற் பிணைத்திருப்பின், பழுதுற்ற பொழுதும் அவற்றிடையே அழுத்த வேறுபாடு மிகாது; அவன் உடல்வழி மின் பாய்வது தடுக்கப்படும். இருவினைக்குரிய கம்பிகளுக்கும் பச்சையும் மஞ்சளுமாகிய ஒரே நிறம் என்பதால் மயக்கம் இரட்டிக்கின்றது.

நிலத்தொடுப்புப் பற்றிய இந்தியச் செந்தரம் 3043, 1966-இல் தோன்றி 1987-இலும் 2018-இலும் திருத்தமுற்றது. அதுவும் 'எர்த்திங்' என்றே தலைப்பிட்டது. தமிழ்நாட்டில் அச்சொல் அடைந்த நிலை யாது? கருவியைத் தொட்டு அதிர்ச்சியுற்றவர், "எர்த்து அடிக்கிறது" என்கின்றனர். காப்பின் பெயரே கேட்டின் பெயராயிற்று! பொருள் விளங்காச் சொல்லைக் கடன்கொண்டதன் விளைவு இது.

'கிரவுண்டிங்' என்பதை அப்படியே பெயர்த்தால் அவர்தம் குழப்பமும் உடன்வரும். வினையறிந்து பெயரிடல் வேண்டும். நிலத்தில் கோல்நட்டு இணைப்பது நிலத்தொடுப்பு. நாள்மின்னோட்டம் மீளும் கம்பி மீள்கம்பி. பழுதுமின்னோட்டத்தை மீட்டு உருகியை அறுக்கும் கம்பி காப்புக்கம்பி. மாழைகளை ஓரழுத்தத்தில் நிறுத்துவது ஒப்பிணைப்பு. நான்கு வினைக்கு நான்கு பெயர். ஒன்று மற்றொன்றாய் ஒலிப்பதில்லை. எட்டாம் வகுப்பு மட்டும் படித்த இளைஞனுக்கும் பெயரே பணியைக் கற்பிக்கும்.

தொழிற்பயிற்சிப் பள்ளி ஆசிரியர்களே, மின்பணித் தோழர்களே! இச்சொற்களை வகுப்பிலும் பணியிடத்திலும் வழங்குங்கள். இவற்றினும் சிறந்தன கிடைப்பின் அவற்றைக் கொள்ளுங்கள். ஆயின், ஒரு வினைக்கு ஒரு சொல் என்னும் வரம்பை மட்டும் கைவிடாதீர்கள். அவ்வரம்பு தமிழையும் காக்கும். திருப்புளி ஏந்திய தமிழன் உயிரையும் காக்கும்.