புற்றுநோயும் பொன் துகளும்



இன்றிரவு அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒரு டார்ச் விளக்கின் முகத்தை உள்ளங்கையால் மூடிப் பாருங்கள். விரல்களின் ஓரங்கள் செக்கச் செவேலென்று ஒளிரும். விளக்கிலிருந்து புறப்பட்டது வெண்ணிற ஒளி. அதிலே இருந்த நீலமும் பச்சையும் எங்கே போயின? உங்கள் குருதி அவற்றை விழுங்கிவிட்டது. சிவப்பு மட்டுமே தசையைக் கடந்து வெளியே வந்தது. சிவப்பையும் தாண்டி, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பின் தொடக்கப் பகுதிக்குச் சென்றால், ஒளி இன்னும் ஆழமாகப் பாயும். அதற்கும் அப்பால் போனாலோ, உடம்பிலுள்ள நீர் அதைத் தடுக்கத் தொடங்கும். குருதியும் நீரும் அதிகம் மறிக்காத ஒரு சாளரம், ஏறக்குறைய 700 முதல் 900 நானோமீட்டர் வரையுள்ள அலைநீளங்களில் அமைந்திருக்கிறது. அச்சாளரத்தின் வழியே ஒளியைச் செலுத்திப் புற்றுநோயைச் சுட்டழிக்கும் முயற்சியைப் பற்றியே இன்று பேசப் போகிறேன்.

நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. ஒரு தலைமயிரின் பருமனே பல பதினாயிரம் நானோமீட்டர் இருக்கும் என்றால், அளவை ஊகித்துக் கொள்ளலாம்.

பொன்னின் நிறம் என்ன என்று கேட்டால் மஞ்சள் என்பீர்கள். தேர்விலும் அப்படியே எழுதுங்கள். மதிப்பெண்ணை இழக்க வேண்டாம். ஆயினும் பொன்னை மிக நுண்ணிய துகளாக்கி நீரில் மிதக்கவிட்டால், அந்நீர் மாணிக்கம் போலச் சிவந்து காணும். இதை முறையாக ஆராய்ந்தவர் மைக்கேல் பாரடே. மின்சாரத்தால் புகழ்பெற்ற அதே பாரடேதான். 1857-ஆம் ஆண்டில், பொன்னுக்கும் ஒளிக்கும் உள்ள தொடர்பைப் பற்றி அவர் லண்டனில் விரிவுரை நிகழ்த்தினார். அவர் ஆக்கிய செந்நிறப் பொன் கரைசல் அடங்கிய குப்பிகள் அந்நகரத்து ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்னும் பாதுகாக்கப்படுகின்றன.

இந்நிறம் எப்படி உண்டாகிறது? பொன்னிலே தளர்வாகத் திரியும் எலெக்ட்ரான்கள் உண்டு. ஒளியலை வந்து மோதும்போது, சிறு துகளுக்குள் அடைபட்ட எலெக்ட்ரான்கள் யாவும் ஒருங்கே முன்னும் பின்னும் அசைகின்றன. ஊஞ்சலை நினைத்துக் கொள்ளுங்கள். அது ஆடும் கதிக்கு இசைந்து தள்ளினால் சிறுபிள்ளை தள்ளினாலும் உயர எழும். இசையாமல் தள்ளினால் பயில்வானுக்கும் பயனில்லை. அவ்வாறே, துகளின் இயல்புக்கு இசைந்த நிறத்து ஒளியை மட்டுமே அது மிகுதியாகக் கவர்ந்து கொள்கிறது. கவர்ந்த ஒளியில் ஒரு பகுதியைச் சிதறடிக்கும். மற்றொரு பகுதி வெப்பமாக மாறும். சிதறும் ஒளி நோயைக் காட்டிக் கொடுக்கும். வெப்பம் நோயைச் சுடும்.

காட்டிக் கொடுக்கும் பணியை முதலில் சொல்கிறேன். அமெரிக்காவில் அட்லாண்டா நகரில் ஜார்ஜியா தொழில்நுட்ப நிறுவனத்தில் பணியாற்றிய ரசாயனப் பேராசிரியர் முஸ்தபா எல்-சையத், எகிப்தில் பிறந்தவர். அவர் மகன் ஐவன் எல்-சையத், கலிபோர்னியாவில் அறுவை மருத்துவர். தந்தை துகளை அறிந்தவர்; மகன் நோயை அறிந்தவர். வாய்ப்புற்று போன்ற சில புற்றுகளின் உயிரணுக்களின் மேற்பரப்பில் ஒருவகைப் புரதம் அளவுக்கு மிஞ்சி இருக்கும். அப்புரதத்தைத் தேடிப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளை இவர்கள் பொன் துகள்மீது பூசினார்கள். நலமான உயிரணுக்களைக் காட்டிலும் புற்றணுக்களில் அத்துகள்கள் 600 சதவீதம் மிகுதியான நாட்டத்துடன் ஒட்டிக்கொண்டன என்று 2005-இல் வெளியிட்டார்கள். சாதாரண வெள்ளொளியும் ஒரு நுண்பெருக்கிக் கண்ணாடியுமே போதும். புற்றணுக்கள் பளிச்சென்று ஒளிர்ந்தன.

சுடும் பணிக்குச் செந்நிறப் பொன் உருண்டை அவ்வளவு ஏற்றதன்று. அது கவர்வது பச்சை ஒளியை. பச்சை ஒளிதான் தசைக்குள் புகாதே! இங்கேதான் டெக்ஸாஸ் மாநிலத்தின் ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நவோமி ஹாலஸ் அம்மையாரின் கைவண்ணம் வருகிறது. மணலின் சாரமாகிய சிலிக்காவால் ஒரு நுண்ணுருண்டை செய்து, அதன்மேல் மெல்லிய பொன் ஓடு போர்த்தினார். உருண்டையின் அளவையும் ஓட்டின் கனத்தையும் மாற்ற மாற்ற, துகள் கவரும் நிறமும் மாறுகிறது. அகச்சிவப்புச் சாளரத்துக்கு இசையும்படி அதை அமைத்துக் கொள்ளலாம். வீணையின் நரம்பை முறுக்கிச் சுருதி சேர்ப்பது போன்ற வேலை இது. அவரும் ஜெனிபர் வெஸ்ட் அம்மையாரும் உடன் உழைத்தோரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், எலிகளின் கட்டிக்குள் இத்துகளைச் செலுத்தி ஒளி பாய்ச்சினார்கள். ஆறு நிமிடங்களுக்குள் கட்டியின் வெப்பம் சராசரியாக 37 பாகை செல்சியஸ் உயர்ந்தது. துகள் இல்லாத இடத்தில் உயர்வு பத்துப் பாகையைக்கூட எட்டவில்லை. அடுத்த ஆண்டு, குருதி வழியே துகள் பெற்று ஒளிச்சிகிச்சை பெற்ற எலிகள் தொண்ணூறு நாட்களுக்கு மேலும் கட்டியின்றி வாழ்ந்தன.

பொன் துகள் என்றதும், "இது நம் தங்க பஸ்பம்தானே" என்று சொல்வோர் இருப்பார்கள். அன்று. இங்கே பொன் ஒரு மருந்தாகவே பயன்படவில்லை. ஒளி படாதவரை அது சும்மா கிடக்கிறது. பொன்னை உட்கொண்டால் புற்று தீரும் என்று கூறி, மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நோயாளியை வீட்டிலேயே இருத்தி வைப்பது கொடுமை. உங்கள் வீட்டில் அத்தகைய பேச்சு எழுந்தால், மாணவர்களாகிய நீங்கள் வாய்திறக்க வேண்டும்.

எலிக்குப் பலித்தது மனிதருக்கும் எளிதில் பலித்துவிடுமா? இரண்டு இடையூறுகள் குறுக்கே நிற்கின்றன. புற்றுக்கட்டியின் குருதிக்குழாய்கள் அவசர அவசரமாக வளர்ந்தவை, ஓட்டைகள் நிறைந்தவை. அவற்றின் வழியே துகள்கள் கசிந்து கட்டியில் தங்கும் என்பது நெடுநாள் நம்பிக்கை. 1986-இல் ஜப்பானிய அறிஞர்கள் இதற்கு வழிகாட்டினார்கள். ஆனால் கனடாவின் டொராண்டோ நகர ஆராய்ச்சியாளர்கள் பத்தாண்டுக் கால ஆய்வுகளைத் திரட்டி 2016-இல் கணக்கிட்டபோது, செலுத்திய நானோ துகள்களில் கட்டியைச் சென்றடைவது நடுத்தரமாக 0.7 சதவீதமே என்று தெரியவந்தது. எஞ்சியவற்றில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. இரண்டாவது இடையூறு, ஒளியே. சாளரம் என்று சொன்னேனே தவிர, அது திறந்த வாயில் அன்று. சில சென்டிமீட்டர் ஆழத்துக்குள் ஒளி நலிந்துவிடும்.

நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஆண்களுக்கு உண்டாகும் புராஸ்டேட் சுரப்பிப் புற்றை எடுத்துக்கொண்டார்கள். அச்சுரப்பியை முழுதும் அகற்றினால், அருகிலுள்ள நரம்புகள் பழுதுபட்டு, சிறுநீரை அடக்க இயலாத அவதி சிலருக்கு நேர்கிறது. ஆகவே புற்று இருக்கும் இடத்தை மட்டும் சுட முனைந்தார்கள். முதல் நாள் குருதி வழியே பொன் ஓட்டுத் துகளைச் செலுத்தினார்கள். மறுநாள், உடலின் உட்படத்தைப் பார்த்தபடியே, மெல்லிய கண்ணாடி இழையைக் கட்டிக்குள் நுழைத்து, 810 நானோமீட்டர் லேசர் ஒளியைப் பாய்ச்சினார்கள். ஒளி வெளியிலிருந்து வந்தால்தானே ஆழம் ஒரு தடை? 2019-இல் வெளியான இவ்வாய்வில் 16 பேரில் 15 பேருக்குச் சிகிச்சையைத் திட்டப்படி நிறைவேற்ற முடிந்தது. கடுமையான பக்கவிளைவு எவருக்கும் நேரவில்லை. சிறுநீர்ச் செயல்பாடும் கெடவில்லை.

பதினாறு பேர் என்பது சிறிய எண்ணிக்கை. அவர்கள் யாவரும் நோய் ஓரிடத்திலேயே அடங்கி நின்றவர்கள். உடலெங்கும் பரவிவிட்ட புற்றுக்கு, எந்த இடத்தில் இழையை நுழைப்பது?