மறதியைப் படம் பிடித்த வேதியியல்



வீட்டுப் பெரியவர் அடுப்பை அணைக்க மறந்தால், "வயசாயிடுச்சு"ன்னு சொல்லி விட்டுடுறோம். அது சாதாரண மறதியா, அல்சைமர் நோயா? முன்பெல்லாம் இதை உறுதியாகச் சொல்ல, பெரும்பாலும் இறந்த பிறகு மூளைத் திசுவில் சாயமேற்றித்தான் பார்த்தார்கள்.

அப்படி ஒரு சாயம் தயோஃப்ளேவின்-டி. அல்சைமர் மூளையில் படியும் அமைலாய்டு புரதத்தில் அது ஒட்டிக்கொள்ளும். உயிரோடு இருப்பவருக்கே ஊசியில் செலுத்தலாமே? முடியாது. அதன் மூலக்கூறில் மின்னேற்றம் இருக்கு. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பு அதை உள்ளே விடாது.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் வில்லியம் க்ளங்க், செஸ்டர் மாதிஸ் இருவரும் மின்னேற்றம் இல்லாதபடி அந்த மூலக்கூறை மாத்தினாங்க. கதிரியக்கக் கார்பன்-11ஐயும் அதில் சேர்த்தாங்க. 2002-ல் ஸ்வீடனின் உப்சாலாவில் முதல் நோயாளிக்கு அதைச் செலுத்தி பெட் ஸ்கேன் எடுத்தார்கள். அமைலாய்டு படிந்த இடங்கள் படத்தில் தெரிந்தன.

கார்பன்-11 சுமார் 20 நிமிடத்திலேயே பாதியாகிவிடும். அதனால் அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் பக்கத்திலேயே இருக்கணும். பின்னால் வந்த மருந்துகளில் உள்ள ஃப்ளூரின்-18 பாதியாக சுமார் 110 நிமிடம் ஆகும். அதனால் வேறு மருத்துவமனைக்கும் அனுப்ப முடியுது.

மறதி வெளியே தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அமைலாய்டு படியத் தொடங்கும். ஆனா, அது ஸ்கேனில் தெரிந்த எல்லாருக்கும் மறதி நோய் வரும்னு இல்லை. அதனால் மருத்துவர் சொன்னால் மட்டும் எடுங்க.

தைராய்டு குறைவு, பி12 குறைபாடு, மனச்சோர்வு இவற்றாலும் மறதி வரும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. அன்றாட வேலையை மறதி கெடுத்தால், தள்ளிப்போடாம அவங்களை மருத்துவர்கிட்ட அழைச்சுட்டுப் போங்க.