இருதயத்திற்கு ஓர் ஏற்றப்பாதை

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கியம் முழங்க வேண்டிய இம்மேடையில் வைத்தியம் பேச வந்திருக்கிறோம். நாம் மருத்துவர் அல்லோம். மெட்ரிகுலேஷன் வரை படித்து, இரயில்வேயில் கணக்கெழுதிப் பிழைப்பவர்களே. எனினும் சென்ற ஓராண்டில் இரண்டு காகிதங்கள் நம் கைக்கு வந்தன. ஒன்று நம்முடையது. மற்றது, காலனி பஜனையில் மிருதங்கம் வாசித்து வந்த நம் அன்பருடையது. அவர் இன்று நம்மிடையே இல்லை. அவர் இல்லத்தாரின் இசைவு பெற்றே இதனைச் சொல்கிறோம். இரண்டும் டிரெட்மில் சோதனையின் முடிவுகள். நம் காகிதத்தில் ‘பாசிடிவ்’ என்றிருந்தது. அவர் காகிதத்தில் ‘நெகடிவ்’ என்றிருந்தது.

ஷெட்டில் நிற்கும் எஞ்சினைப் பார்த்து அதன் வலிமையைச் சொல்ல இயலுமா? கர்ஜத்திலிருந்து லோனாவாலாவுக்கு 37 அடிக்கு ஓர் அடி உயரும் மலைப்பாதையில் ஏறும்போதல்லவா அது தெரியும்? படுத்த நிலையில் எடுக்கும் இ.சி.ஜி., ஷெட்டில் நிற்கும் எஞ்சினின் சோதனை போன்றது. இருதயத்தின் இரத்தக் குழாய் பெருமளவு சுருங்கியிருந்தாலும் ஓய்வின்போது இரத்தம் போதுமானதாக இருக்கலாம். உழைக்கும்போதுதான் பற்றாக்குறை வெளிப்படும்.

இதனையறிந்து, 1929-இல் அமெரிக்க மருத்துவர் ஆர்தர் மாஸ்டர் என்பார், இரு படிகளில் ஏறி இறங்கச் செய்து சோதிக்கும் முறையைக் கண்டார். 1963-இல் சியாட்டில் நகரத்து ராபர்ட் புரூஸ், ஓடும் பட்டையில் நடக்கவிடும் முறையை வெளியிட்டார். இன்றும் பெரிதும் வழங்குவது இதுவே. உடம்பில் மின்கம்பிகளை ஒட்டி நடக்கச் செய்வார்கள். மூன்று நிமிடத்திற்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். முதற்கட்டத்தில் மணிக்கு 1.7 மைல் வேகம், நூற்றுக்கு 10 ஏற்றம். நான்காம் கட்டத்தில் 4.2 மைல், நூற்றுக்கு 16 ஏற்றம். பல்சக்கரத்தின் துணையோடு செல்லும் நம் நீலகிரி மலைவண்டிகூட ஏறத்தாழ 12 அடிக்கு ஓர் அடிதான் ஏறுகிறது என்பதை நினைவிற் கொள்க!

முடிவை எவ்வாறு படிப்பது? ‘பாசிடிவ்’, ‘நெகடிவ்’ என்னும் சொற்கள் பெரும்பாலும் இ.சி.ஜி.யின் ஒரு கோட்டைப் பற்றியவை. எஸ்.டி. என்னும் பகுதி மட்டமாகவோ கீழ்நோக்கிச் சரிந்தோ ஒரு மில்லிமீட்டரோ அதற்கு மேலோ தாழ்ந்தால் பாசிடிவ் என்பர். ஆனால் மருத்துவர் நோக்குவது அது ஒன்றையன்று. நாடித்துடிப்பு இலக்கை எட்டியதா? 220-இலிருந்து வயதைக் கழித்து, அதில் நூற்றுக்கு 85 பங்கு என்பது வழக்கமான கணக்கு. இரத்த அழுத்தம் ஏறியதா? ஏற வேண்டியது இறங்கினால் அது பேராபத்தின் குறி. மார்பில் வலி தோன்றியதா? நின்றபின் முதல் நிமிடத்தில் துடிப்பு 12-க்கு மேல் குறைந்ததா? எல்லாவற்றினும் மேலாக, எத்தனை நிமிடம் நடக்க முடிந்தது? சும்மா அமர்ந்திருக்கும் உழைப்பை ஓர் அலகாகக் கொண்டு உடலின் திறனை அளப்பார்கள். கலிபோர்னியாவில் 6,000-க்கு மேற்பட்ட ஆண்களை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்ட ஆய்வு, திறனில் ஓர் அலகு கூடுந்தோறும் உயிர் வாழும் வாய்ப்பு நூற்றுக்கு 12 பங்கு கூடுவதாகக் கண்டது.

இரயில்வே சிக்னல் பழுதுபட்டால் சிவப்பையே காட்டும்படி அமைத்திருக்கிறார்கள். இச்சோதனைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. தவறான சிவப்பும் காட்டும், தவறான பச்சையும் காட்டும். பல ஆய்வுகளைத் தொகுத்து 1989-இல் வெளியிட்ட கணக்குப்படி, குழாயடைப்பு உள்ளவர் நூற்றுவரில் 68 பேரையே இக்கோடு காட்டிக் கொடுக்கிறது. அடைப்பு இல்லாதவர் நூற்றுவரில் 23 பேருக்கு வீணே பாசிடிவ் என்கிறது.

குமாஸ்தாவின் வழியில் கூட்டிப் பார்ப்போம். நோய்க்குறி ஏதுமில்லாத ஆயிரம் பேரில் 50 பேருக்கு அடைப்பு இருப்பதாகக் கொள்வோம். அவர்களில் 34 பேருக்குப் பாசிடிவ் வரும். மற்ற 950 பேரில் ஏறத்தாழ 218 பேருக்கும் வரும். ஆக, 252 பாசிடிவ்களில் மெய்யானவை 34! உழைத்தால் மார்பு வலிக்கும் முதியோர் ஆயிரவரில் 700 பேருக்கு அடைப்பு இருப்பின், 545 பாசிடிவ்களில் 476 மெய்யாகும். காகிதம் ஒன்றே, ஆனால் அதைக் கொண்டு வருபவர் யார் என்பதைப் பொறுத்துப் பொருள் மாறுகிறது.

நமக்கு வயது 46. நோய்க்குறி ஏதுமில்லை. ஒரு சனிக்கிழமை மாலை, உடல்நலச் சோதனையின் முடிவை உறையிலிட்டுக் கொடுத்தார்கள், விளக்குவார் எவருமில்லை. இரண்டு இரவுகள் உறங்காது, பிராவிடெண்ட் பண்டுக் கணக்கைக் கூட்டிப் பார்த்துக் கிடந்தோம். திங்களன்று மருத்துவர் ஒரு சிறு கணக்குப் போட்டார். 1987-இல் டியூக் பல்கலைக்கழகத்தார் வகுத்தது அது: நடந்த நிமிடங்களிலிருந்து, கோடு தாழ்ந்த மில்லிமீட்டரின் ஐந்து மடங்கையும், வலியின் எண்ணின் நான்கு மடங்கையும் கழிக்க வேண்டும். வலி இல்லையேல் 0, இருந்தால் 1, வலியால் நிறுத்தினால் 2. நாம் நடந்தது 10 நிமிடம், கோடு தாழ்ந்தது ஒரு மில்லிமீட்டர், வலியில்லை. மீதி 5. ஐந்தும் அதற்கு மேலும் குறைந்த ஆபத்து. கழித்தல் 11-உம் அதற்குக் கீழும் மிகுந்த ஆபத்து. பின்னர் எடுத்த சி.டி. ஆஞ்சியோகிராமில் நம் குழாய்களில் அடைப்பில்லை என்று தெரிந்தது.

மிருதங்க அன்பரின் காகிதமோ நான்காண்டுப் பழையது. அவருக்கு அப்போது வயது 52. இலக்குத் துடிப்பு 143. துடிப்பைக் குறைக்கும் மாத்திரை உண்டு வந்தவர், கால் வலியால் இடையில் நிறுத்திவிட்டார். துடிப்பு 118-ஐத் தாண்டவில்லை. ‘நெகடிவ்’ என்னும் பெரிய எழுத்தின் கீழே, ‘இலக்கு எட்டவில்லை’ என்று சிறிய எழுத்தில் இருந்தது. ஏற்றத்தின் பாதியில் நின்ற வண்டி, மலையைக் கடந்ததாகுமா? அது விடையன்று, முடியாத சோதனை. சென்ற ஆண்டு ஸ்டேஷன் மேம்பாலம் ஏறுகையில் மார்பு அடைப்பதாக அவர் சொன்னபோது, மருத்துவரிடம் செல்லுமாறு வேண்டினோம். “நமக்குத்தான் நெகடிவ் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்களே, ஐயா!” என்றார். நாமும் வாளாவிருந்தோம். அந்தச் சிறிய எழுத்தை நாம் படித்தது, அவருக்குப் பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்த பிறகு.

ஆகவே அன்பர்களே, சோதனைக்குச் செல்லுமுன் உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். தாமாக எதனையும் நிறுத்தாதீர்கள். கைப்பிடியை இறுகப் பற்றித் தொங்காதீர்கள். அது திறனை மிகைப்படுத்திக் காட்டும். மார்பில் வலியோ தலைச்சுற்றலோ தோன்றினால் அக்கணமே சொல்லுங்கள். வீரம் காட்டும் இடம் அதுவன்று. பாசிடிவ் என்றால் கலங்காது மருத்துவரிடம் கேளுங்கள். நெகடிவ் என்றாலும் சிறிய எழுத்தையும் படிக்கச் சொல்லுங்கள். பிறகு என்றேனும் புதிய வலி வந்தால், பழைய காகிதத்தைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

ஊரும் உறவும் தொலைவில் இருக்க, இங்கே நமக்கு அண்டை வீட்டாரே உறவு. அந்த அண்டை வீட்டார் மாடி ஏறுகையில் மார்பைப் பிடித்து நின்றால், ஓராண்டுக்கு முன் நாம் இருந்ததுபோல் வாளாவிராதீர்கள். இதைச் சொல்லவே இன்று இம்மேடை ஏறினோம்.