இணைந்து நிற்கும் இரு வினையடைகள்



ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லுக்கு முன்னே இரண்டு வினையடைகள் கைகோத்து நிற்பதை நீங்கள் பல இடங்களில் கண்டிருப்பீர்கள். 'ஸ்லோலி பட் ஷூர்லி' என்பது ஒன்று. மெதுவாக, ஆயினும் உறுதியாக என்பது அதன் பொருள். 'வெல் அண்ட் ட்ரூலி' என்பது மற்றொன்று. அதன் பொருளைப் பின்னர்க் காண்போம். இவ்வாறு இரட்டையாக வருபவை வெறும் அலங்காரமா, அன்றி வேலை செய்யும் சொற்களா என்பதையே இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

இத்தகைய இணை நமக்குப் புதியதன்று. 'கண்ணும் கருத்துமாகப் படித்தான்' என்கிறோம்; 'சீரும் சிறப்புமாக நடத்தினார்' என்கிறோம். 'கருத்தும் கண்ணுமாக' என்று எவரும் சொல்வதில்லை. ஆங்கிலத்திலும் அப்படியே. 'ட்ரூலி அண்ட் வெல்' என்றால் அம்மொழியாளர் செவிக்கு அது ஒவ்வாது. வரிசை மாறாத இவ்வகை இணைகளைப் பற்றி யாக்கோவ் மால்கியெல் என்னும் மொழியியல் அறிஞர் 1959ஆம் ஆண்டில் விரிவான கட்டுரை ஒன்றை வெளியிட்டார். குறுகிய சொல் முன்னும் நீண்ட சொல் பின்னும் நிற்பது இவற்றில் அடிக்கடி காணப்படும் இயல்பு.

இனி, இவை வாக்கியத்தில் நிற்கும் இடத்தைப் பார்ப்போம். தமிழில் வினைமுற்று பெரும்பாலும் வாக்கியத்தின் இறுதியில் நிற்கிறது. ஆகவே வினையடை இயல்பாகவே அதற்கு முன்னே வந்துவிடுகிறது. 'பாடத்தை மெதுவாகவும் கவனமாகவும் படித்தான்' என்கிறோம். ஆங்கிலத்திலோ வினைக்குப் பின்னே செயப்படுபொருள் வருகிறது. அவ்விரண்டுக்கும் நடுவே வேறு சொல் நுழைவதை அம்மொழி பொதுவாக விரும்புவதில்லை. இதை அறியாமல் நம் மாணவர் சிலர், 'ஹீ ரெட் ஸ்லோலி அண்ட் கேர்ஃபுல்லி தி லெஸன்' என்று எழுதிவிடுகின்றனர். வினையடைகளை வினைக்கு முன்னே வைக்கலாம். அல்லது செயப்படுபொருளுக்குப் பின்னே வைக்கலாம். நடுவில் வைப்பதுதான் இடறுகிறது.

முன்னா, பின்னா என்பதை எப்படித் தீர்மானிப்பது? செயப்படுபொருள் சிறியதாயின், பின்னே வைப்பது எளிது. அது நீண்டு செல்லுமாயின், இறுதியில் வரும் வினையடை தன் வினையை விட்டு வெகுதூரம் விலகிப்போகிறது. கேட்பவர் அதனை எதனோடு சேர்ப்பது என்று திகைக்கிறார். அத்தகைய இடங்களில் வினைக்கு முன்னே வைப்பதே தெளிவு. 'வில்', 'ஹாஸ்' போன்ற துணைவினை இருக்குமாயின், துணைவினைக்கும் தலைமை வினைக்கும் இடையில் அவ்விணை அமர்ந்துகொள்ளும்.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு நம் நாட்டின் அரசமைப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. 1950ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், பதவி ஏற்போர் கூறவேண்டிய உறுதிமொழிகள் தரப்பட்டுள்ளன. அமைச்சர் தம் கடமைகளை 'ஃபெய்த்ஃபுல்லி அண்ட் கான்ஷியன்ஷஸ்லி' ஆற்றுவதாக உறுதி கூறுகிறார். உச்ச நீதிமன்ற நீதிபதியோ 'ட்யூலி அண்ட் ஃபெய்த்ஃபுல்லி' தம் பதவியின் கடமைகளைச் செய்வதாகக் கூறுகிறார். இரண்டு இடத்திலும் இணை, வினைக்கு முன்னேதான் நிற்கிறது. எதைச் செய்வேன் என்று சொல்லுமுன், எப்படிச் செய்வேன் என்பது சொல்லப்பட்டுவிடுகிறது.

சற்றே உற்று நோக்குங்கள். இருவருக்கும் பொதுவான சொல் 'ஃபெய்த்ஃபுல்லி'; ஏற்ற பொறுப்புக்கு உண்மையாக என்பது அதன் பொருள். அமைச்சருக்கு அதனோடு மனச்சான்று சேர்க்கப்படுகிறது. நீதிபதிக்கு, உரிய முறைப்படி என்னும் பொருளுடைய 'ட்யூலி' சேர்க்கப்படுகிறது. ஒரு சொல்லை எடுத்துவிட்டால் உறுதிமொழியில் ஒரு பங்கு குறைந்துவிடும். பொறுப்புக்கு உண்மையாய் இருப்பது வேறு. தன் நெஞ்சுக்கு உண்மையாய் இருப்பது வேறு அல்லவா?

இணைக்கும் சொல்லும் கவனத்துக்கு உரியது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில், பொய்யாவணத்தை மெய்யாவணம்போல் பயன்படுத்துவோரைப் பற்றிய பிரிவில், 'ஃப்ராடுலன்ட்லி ஆர் டிஸ்ஹானஸ்ட்லி' என்னும் இணை வந்தது. 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் அச்சட்டத்தின் இடத்தில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் அவ்விணையைக் காத்துக்கொண்டது. ஏமாற்றும் எண்ணம் ஒன்று. முறையற்ற ஆதாயத்தையோ இழப்பையோ விளைவிக்கும் எண்ணம் மற்றொன்று. இரண்டுக்கும் தனித்தனி விளக்கம் உண்டு. நடுவில் 'ஆர்' நிற்பதால் இரண்டில் ஒன்று இருந்தாலே போதும். அந்த இடத்தில் 'அண்ட்' நின்றிருந்தால், இரண்டையும் மெய்ப்பிக்க வேண்டியிருக்கும். ஒரு சிறு சொல்லில் ஒரு மனிதனின் விடுதலையே அடங்கியிருக்கிறது!

இப்போது 'வெல் அண்ட் ட்ரூலி'க்கு வருவோம். அடிக்கல் நாட்டும் விழாக்களில், கல் 'வெல் அண்ட் ட்ரூலி' இடப்பட்டது என்று அறிவிப்பது ஆங்கிலேயர் மரபு. கட்டடத் தொழிலில் 'ட்ரூ' என்றால் மட்டம் பிசகாதது, கோணாதது என்று பொருள். ஆகவே, கல் நன்றாகவும் இருக்கிறது, நேராகவும் இருக்கிறது என்று இரண்டு சொல்லுக்கும் அங்கே வேலை காணலாம். அன்றாடப் பேச்சிலோ, விளையாட்டில் படுதோல்வி அடைந்த அணியையும் 'வெல் அண்ட் ட்ரூலி' தோற்கடிக்கப்பட்டது என்கிறார்கள். அங்கே நன்மையும் இல்லை, நேர்மையும் இல்லை. 'முற்றிலும்' என்ற ஒரே பொருள்தான் எஞ்சி நிற்கிறது.

இது பிழையன்று. ஒரே பொருள் தரும் பல சொற்கள் சேர்ந்து வருவதை நம் நன்னூலும் 'ஒருபொருட் பன்மொழி' என்று ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அது சிறப்புத் தரவேண்டும் என்பதே அந்நூலின் கருத்து. 'கம்ப்ளீட்லி அண்ட் டோட்டலி' என்று கட்டுரையில் எழுதும்போது என்ன சிறப்பு வந்தது? முழுமைக்கு மேல் ஒரு முழுமை உண்டா?

எனவே, இத்தகைய இணையை எழுதுமுன் ஒரு சிறு சோதனை செய்யுங்கள். ஒரு சொல்லை விரலால் மறைத்துக்கொண்டு வாக்கியத்தைப் படியுங்கள். பொருளோ அழுத்தமோ குறைந்தால், அச்சொல் இருக்கட்டும். ஒன்றும் குறையாவிடில், தயங்காமல் நீக்கிவிடுங்கள். பொருள் பாராமல் அடுக்கிப் பழகிய நா, நாளை ஓர் உறுதிமொழி கூற நேரும்போதும் அப்படியே கூறிவிட்டுப் போகும். உங்களில் சிலர் பிற்காலத்தில் நீதிமன்றங்களிலும் ஆட்சி மன்றங்களிலும் அத்தகைய உறுதிமொழிகளைக் கூற நேரலாம். அன்று நீங்கள் சொல்லும் இரண்டு சொல்லும் இரண்டு கடமைகளாக உங்கள் நெஞ்சில் நிற்கவேண்டும். அதற்கான பயிற்சியை இன்று எழுதும் கட்டுரையிலேயே தொடங்கலாம்.