ஊர்தியின் அளவு



விருதுநகரிலிருந்து சிவகாசி செல்லும் சாலையில் பட்டாசுப் பெட்டிகள் ஏற்றிய லாரிகளைக் காண்கிறோம். வடமாநிலங்கள் வரை சரக்குப் போய்ச்சேர அவை வேண்டும், ஐயமில்லை. ஆலைகளுக்குப் பெண்களை விடியலில் ஏற்றிச்செல்லும் வேன்களும் நிறைந்தே செல்கின்றன. அவற்றினிடையே, ஏறத்தாழ 2 டன் எடையுள்ள எஸ்.யு.வி. ஒன்று ஒருவரை மட்டும் சுமந்து விரைகிறது.

சென்ற ஆண்டு என் மகனும் அத்தகைய வண்டி வாங்க விழைந்தான். "மேல்சித்தாமூர்த் திருவிழாவுக்கு எல்லோரும் ஒன்றாகப் போகலாமே, அப்பா" என்றான். ஆண்டுக்கு ஒருமுறை! மற்ற நாள்களில் சிவகாசி அச்சகத்திற்குத் தனியே சென்று வருபவன் அவன்.

வரிச்சட்டம் இவ்வண்டிக்கு இலக்கணம் வகுத்துள்ளது: இயந்திரம் 1500 சி.சி.க்கு மேல், நீளம் 4000 மி.மீ.க்கு மேல், தரை இடைவெளி 170 மி.மீ. அல்லது அதற்கு மேல். 2025 செப்டம்பர் 22 முதல் வரி 40 விழுக்காடு. வாங்குபவரின் தேவை குறித்து அவ்விலக்கணத்தில் ஒரு சொல்லும் இல்லை. தமிழாசிரியனாகிய எனக்கு அது குறையாகவே படுகிறது.

உறவினர் ஒருவரின் வண்டியில் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து பார்த்தேன். முகப்பை ஒட்டி நின்ற என் 4 வயதுப் பேத்தி கண்ணுக்குத் தெரியவில்லை. சிரிப்பொலி மட்டும் கேட்டது. இறங்கி, மகனை அங்கே அமரச் செய்தேன். அவன் நெடுநேரம் பேசவில்லை.

இல்லறத்தார்க்குரிய மிகுபொருள் விரும்பாமை, உள்ளதனைத்தையும் துறக்கச் சொல்வதன்று. அளவை முன்னரே வரையறுக்கச் சொல்வது. அவ்வளவைத் திருவிழா நாளைக் கொண்டு வகுப்பதா, வெறும் செவ்வாய்க்கிழமையைக் கொண்டு வகுப்பதா?

மகன் சிறிய கார் வாங்கினான். இவ்வாண்டு மேல்சித்தாமூருக்கு வாடகை வேனில் 11 பேர் சென்றோம். பேத்திக்குச் சன்னலோர இருக்கை.