மதியின் மறுவும் ஒரு கருங்கனிமமும்



மதியின் மறுவை முயலென்றும் மானென்றும் கண்டது கவிமரபு. நற்குடிப் பிறந்தாரிடம் தோன்றும் குற்றத்திற்கு அம்மறுவை உவமையாக்கினார் வள்ளுவர். அந்த மறு எங்கிருந்து வந்தது? இவ்வினாவிற்கு விடை தந்தவை கண்ணுக்கு எளிதில் புலப்படாத சில ஆக்சைடு கனிமங்கள்.

மறு என்பது பசால்ட் என்னும் கருநிறத் தீப்பாறை. 1969 ஜூலையில் அப்பல்லோ 11 வீரர்கள் அதன் துண்டுகளைப் பூமிக்குக் கொணர்ந்தனர். பாறைக்குழம்பு இறுகும்போது இரும்பு எக்கனிமமாக உருப்பெறும் என்பதை, அங்குள்ள உயிர்வளியின் அளவும் முடிவு செய்கிறது. பூமியின் தீப்பாறைகள் பலவற்றில் மேக்னடைட்டும் இல்மனைட்டும் சேர்ந்தே காணப்படுகின்றன. அவ்விரண்டின் இயைபைக் கொண்டு, அவை உருவான வெப்பநிலையையும் உயிர்வளி நிலையையும் கணிக்கும் முறையை பட்டிங்டனும் லிண்ட்ஸ்லியும் 1964இல் வகுத்தளித்தனர்.

நிலவுக் கல்லிலோ இல்மனைட் மிகுந்திருந்தது. மேக்னடைட் ஏறத்தாழ இல்லை. உயிர்வளியோடு சேராத தனி இரும்புத் துகள்களும் இருந்தன. உயிர்வளி மிக அரிதான சூழலில் பிறந்த கல் அது என்பது தெளிவாயிற்று. நீரே இல்லை என்று கருதப்பட்ட நிலவின் எரிமலைக் கண்ணாடி மணிகளில் நீரின் நுண்சுவடு 2008இல் அறியப்பட்டது. எனினும் இரும்பு தந்த சான்று மாறவில்லை.

இல்மனைட்டில் டைட்டானியம் உண்டு. அது அக்கல்லில் அவ்வளவு மிகுந்தது ஏன்? தொடக்கத்தில் நிலவின் மேற்பரப்பு பாறைக்குழம்புக் கடலாக இருந்தது என்பது அறிஞர் பெரும்பாலோர் கொள்கை. இலேசான படிகங்கள் மிதந்து வெண்ணிற அனார்த்தசைட் மேலோடாயின. அதனையொத்த பாறை நாமக்கல் மாவட்டச் சித்தம்பூண்டியிலும் உண்டு. சந்திரயான் 2 திட்டத்திற்கான செயற்கை நிலவுமண் அதிலிருந்தே செய்யப்பட்டது. வெண்மை மிதந்த பின் எஞ்சிய குழம்பில் இல்மனைட் திரண்டு, கனம் மிகுதியால் ஆழத்தில் அமிழ்ந்தது. பின்னர் அவ்வாழம் மீண்டும் உருகி, 350 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பள்ளங்களில் பொங்கிப் பரவிக் கருமையாய் உறைந்தது.

எனவே மறு, அயலிலிருந்து வந்து மதியின்மேல் படிந்த அழுக்கன்று. வெண்மை எக்குழம்பில் பிறந்ததோ, அதன் எச்சமே கருமைக்கும் கருவாயிற்று. குடிப்பிறப்பைப் பேச வந்த வள்ளுவர் மதியின் மறுவைத் தேர்ந்தார். அம்மறுவும் மதியின் சொந்தக் குடியிலேயே பிறந்தது என்பதை இன்று கல் சொல்கிறது. அடுத்து நிலவைப் பாடும் கவிஞர், களங்கம் என்ற சொல்லை எழுதுமுன் இதனையும் எண்ணிப் பார்க்கலாம்.